கோண்டு நாட்டுப் பயணம் – 4: மூங்கில் போகும் வழி

வைன்கங்கை ஆற்றைக் கடந்து மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி நகருக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மறுநாள் காலை தானோரா போகும் அரசுப் பேருந்தைப் பிடித்தேன். சாலையின் இருபுறமும் தேக்கு, அதை விட்டால் மூங்கில். இலுப்பைப் பூ உதிரும் காலம். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டுமென்று ஒவ்வொரு மரத்தடியிலும் பெண்கள் கூடையோடு குனிந்திருந்தார்கள்.

தானோராவுக்குச் சற்று முன்னால் இறங்கினால் மேண்டா. பக்கத்து ஊரான லேகாவைச் சேர்த்து மேண்டா-லேகா என்றுதான் வெளியுலகம் அறியும். ஏறக்குறைய நூறு வீடுகள் கொண்ட கோண்டுப் பழங்குடி ஊர். ‘தில்லியிலும் மும்பையிலும் நம் அரசாங்கம், நம் ஊரில் நாமே அரசாங்கம்’ என்பது இவர்கள் முழக்கம். முழக்கத்தைச் சுவரில் எழுதுவதற்குச் சுண்ணாம்பு போதும். அதை நடத்திக் காட்ட என்ன வேண்டியிருந்தது என்று பார்க்கத்தான் வந்தேன்.

கதை 1980களில் தொடங்குகிறது. இந்திராவதியிலும் கோதாவரியிலும் பெரிய அணைகள் கட்டும் திட்டத்தை எதிர்த்து இப்பகுதிப் பழங்குடிகள் திரண்டார்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில், அணை நின்றால் மட்டும் போதுமா, நம் காட்டையும் ஊரையும் நாமே நடத்துவது எப்போது என்ற பேச்சு எழுந்தது. ஊர்க்காரரான தேவாஜி தோபாவும், சந்திரபூரிலிருந்து வந்து இங்கே உழைத்த மோகன் ஹிராபாய் ஹிராலாலும் அந்தப் பேச்சை விடாமல் வளர்த்தார்கள். சட்டங்களைப் படித்து விவாதிக்க ஊருக்குள் படிப்பு வட்டம் ஒன்று உண்டானது. முடிவெடுக்கும் இடம் கிராம சபை. அங்கே பெரும்பான்மை வாக்கு செல்லாது. எல்லோரும் ஒப்பினால்தான் தீர்மானம்.

நான் போயிருந்த அன்று மாலை சபை கூடியது. காட்டின் எந்தப் பக்கத்தில் மூங்கில் வெட்டுவது என்பது பேச்சு. என்னை அழைத்துச் சென்ற இளைஞர் மராத்தியில் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். குறிப்பிட்ட ஒரு சரிவில் குருத்து இன்னும் முற்றவில்லை என்றார் வயதான ஒரு பெண்மணி. இரண்டு பேர் மறுத்துப் பார்த்தார்கள். அவர் இறங்கி வரவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். “இப்படி இழுத்தால் வேலை நடக்குமா காகா?” என்று பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டேன். “கையைத் தூக்கி முடித்தால் தோற்றவன் ராத்திரி கோடாலியோடு காட்டுக்குப் போவான்” என்றார்.

வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை இந்த ஊருக்குக் கிடைத்தது. நாட்டிலேயே முதலில் அதைப் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. பட்டயம் வந்துவிட்டது, மூங்கில் மட்டும் ஊரைத் தாண்டவில்லை. 1927ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அப்போது மூங்கில் மரம்; புதிய சட்டப்படி அது மக்களுக்குரிய சிறு வனப்பொருள். வனத்துறை பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூங்கிலை ஏற்றிச் செல்வதற்கான பாஸ் தர மறுத்தது. பாஸ் இல்லாத மூங்கிலை எந்த வியாபாரி வாங்குவான்? கடைசியில் 2011 ஏப்ரல் 27 அன்று மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இந்த ஊருக்கே வந்து, பாஸ் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். அன்று முதல் லாரிக்குச் சீட்டு எழுதுவது சபைதான். விலை பேசுவது, கூலி கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஊராட்சி என்பது பல ஊர்களைச் சேர்த்துக் கட்டியது; அதற்குத் தேர்தல் உண்டு, கட்சி உண்டு. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமோ தனித்தனிக் குக்கிராமத்தையே ஒரு கிராமமாக ஏற்று, அதற்கென்று சபை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. முகம் தெரிந்த நூறு குடும்பம் உட்கார்ந்தால்தான் ஒருமித்த முடிவு சாத்தியம்.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே இல்லை. ஆகவே கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் பெசா கிடையாது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் நம் கிராம சபைகளில் பல குக்கிராமங்கள் ஒன்றாக உட்கார்ந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கலைகின்றன. ஆனால் வன உரிமைச் சட்டம் நமக்கும் உண்டு; அது குக்கிராம அளவிலான சபைக்கு வழிவிடவும் செய்கிறது.

மேண்டாவுக்கும் எல்லாம் கைகூடிவிடவில்லை. 2013இல் ஊரார் தங்கள் தனி நிலங்களையும் மகாராஷ்டிரத்தின் கிராமதானச் சட்டத்தின்கீழ் சபைக்கே எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான அரசு நடைமுறைகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. கொடுப்பவர் தயாராக இருந்தும் பதிந்துகொள்ள அரசுக்கு மனமிருக்கவில்லை. சுயாட்சியைச் சட்டத்தில் எழுதிக் கொடுக்க அரசுகள் தயங்குவதில்லை என்றே தோன்றுகிறது. சீட்டுப் புத்தகத்தையும் முத்திரையையும் கைவிடும்போதுதான் கை நடுங்குகிறது. தன்னாட்சி வந்துவிட்டதா என்று எந்த ஊரிலாவது அறிய வேண்டுமானால், அங்கே லாரி யார் கையெழுத்தில் புறப்படுகிறது என்று விசாரித்தால் போதும்.

அடுத்த வாரம் சந்திரபூர் மாவட்டத்துப் பாச்காவ். அங்கேயும் மூங்கிலைக் கிராம சபையே விற்கிறது. மேண்டாவைப் பார்த்துப் பின்னால் வந்த ஊருக்குப் பாதை எளிதாக இருந்ததா என்று கேட்கப் போகிறேன்.

(தொடரும்)