எழுத்துக்குள்ளே ஒரு சித்திரம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 'கல்கி' பைண்டு ஏதாவது கிடக்கிறதா, சகோதரிகளே? இருந்தால் தூசி தட்டி வையுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்து கேட்டாலும் கேட்பார்கள்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளுக்குச் சமீபத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை அப்படித்தான் ஒரு பைண்டைக் கடன் வாங்கி வந்திருந்தார். உள்ளே 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரையில், ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வாரா வாரம் வந்த கதை. பிள்ளைகளுக்கோ அது 2022-லும் 2023-லும் வந்த சினிமா. "படம்தான் பார்த்தாச்சே மிஸ், புஸ்தகம் எதற்கு?" என்றார்களாம்.

ஆசிரியை கதைச் சுருக்கம் எழுதச் சொல்லவில்லை. (அந்தப் புண்ணியவதிக்கு ஒரு நமஸ்காரம்!) ஐந்து பாகங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினார்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். "ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அர்த்தம் எழுத்திலேயே தெரிய வேண்டும். பக்கத்தில் பொம்மை போடக் கூடாது. ஏன் அப்படி வரைந்தீர்கள் என்பதற்குக் கதையில் ஓர் இடம் காட்ட வேண்டும்" என்றார். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் சூட்சுமம். இடம் காட்ட வேண்டுமானால் புஸ்தகத்தைப் புரட்டித்தானே ஆக வேண்டும்?

நான் போயிருந்த அன்று 'சுழற்காற்று'க்காரர்களுக்குக் கொண்டாட்டம். ழகரத்தின் வாலைச் சுழற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது! ஆனால் 'கொலை வாள்' எடுத்த பையன், பைண்டைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது லையா, யானையா?" என்று கூவினான். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு முன்னால், லை, னை எல்லாம் தலைக்குமேல் துதிக்கை தூக்கிக்கொண்டுதானே நின்றன? பையன் விடுவானா? அந்தத் துதிக்கையையே வாளின் கைப்பிடியாக்கிவிட்டான்.

'தியாக சிகரம்' எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மலை வரைந்தார்கள். உச்சியில் கிரீடம். தனக்கு வந்த மகுடத்தை அருள்மொழி பிறர் தலையில் சூட்டுகிறாரே, அந்த இடம். சரிதான். எனக்கென்னவோ ஐந்தாவது மலையைப் பார்த்ததும் கொட்டாவி வந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்காதவளாம். அவள் நீட்டிய காகிதம் வெறுமையாக இருந்தது. ஜன்னலண்டை கொண்டுபோனால் பென்சிலில் மெல்லிய கோடாக, 'தியாகம்'. கடைசி மகரத்தின் புள்ளி மட்டும் அழுத்தமான கறுப்பு.

"படிக்கவே முடியலையே, இதுக்கு எப்படி மார்க்?" என்றான் துதிக்கைப் பையன்.

"இடம் எங்கே?" என்று ஆசிரியை கேட்டார்.

அவள் பைண்டைப் புரட்டினாள். சுந்தர சோழரைக் காப்பாற்ற, அவர்மேல் எறிந்த வேலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மந்தாகினி சாகிற இடம்.

"அவள் ஊமை, மிஸ். சத்தம் போட்டு எழுதினா அது அவளோட தியாகம் இல்லை. அந்தப் புள்ளிதான் வேல் பட்ட இடம்" என்றாள்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு ஆசிரியை, "அந்தப் பக்கத்தை நீயே வாசி" என்றார். வாசித்தாள். முதலில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. "உரக்க!" என்று குரல் கொடுத்தவன் அந்தப் பையன்தான். இரண்டாவது பாராவிலிருந்து வராந்தாவரை கேட்டது.

மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை. அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.