327-ல் நிற்கும் எண்

ரசம் வைக்கிற ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேச்சுவாக்கில் மறந்துபோன வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. திரும்பி வந்து பார்த்தால் சொம்பு இருக்காது, பர்னரைச் சுற்றி வெள்ளிக்குட்டை மாதிரி ஏதோ பளபளக்கும். அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பெயரில் மட்டும் உறவான காரீயம் 327.5 டிகிரி வரை தாங்கும். இரும்பையோ செம்பையோ உருக்குவதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு சூடே இல்லை. அமெரிக்காவில் காரேஜிலும் பின்கட்டுக் கொட்டகையிலும் காரீயம் உருக்குவது ஒரு பொழுதுபோக்காகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் ஒரு பக்கம், துப்பாக்கி ரவை வார்ப்பவர்கள் இன்னொரு பக்கம்.

இதற்கென்றே கடையில் மின்சார உருக்குப்பானை கிடைக்கிறது. பெரிய பானை ஒன்பது கிலோ கொள்ளும், 700 வாட் இழுக்கும். அதிலேயே ஒரு தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அதன் குமிழில் டிகிரி கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான். ஐந்தில் வைத்தால் எத்தனை டிகிரி என்பது பானை எவ்வளவு நிறைந்திருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. சூடு குறைந்தால் வார்ப்பில் சுருக்கம் விழும், கூடினால் மேலெல்லாம் பனி படிந்த மாதிரி மங்கிவிடும். தூண்டில் குண்டு சுருங்கினால் மீன் கோபித்துக்கொள்ளாது. ரவை வார்ப்பவருக்குத்தான் ஒவ்வொன்றும் ஒரே எடையில் வரவேண்டும். சொந்தமாக ஒரு கண்ட்ரோலர் கட்டும் ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

பொருட்கள் அதிகமில்லை. சூட்டை அளக்க ஒரு கே வகைத் தெர்மோகப்பிள், கணக்குப் போட ஒரு பி.ஐ.டி. கண்ட்ரோலர், மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்க ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே, இவற்றை அடைக்க எர்த் செய்த ஒரு இரும்புப் பெட்டி. பி.ஐ.டி. என்பது பெரிய மந்திரமில்லை. குறித்த சூட்டிலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி இருக்கிறோம், இதுவரை சேர்ந்த பிசகு எவ்வளவு, எந்த வேகத்தில் நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து மின்சாரம் விடுவது, அவ்வளவுதான். நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-ல் கப்பலைத் தானாகத் திருப்புவது பற்றி எழுதியபோது இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார். சுக்கான் பிடிக்கும் அனுபவசாலி மனதுக்குள் செய்வதுதான் அது. நூறாண்டு கழித்து அதே கணக்கு ஈயப்பானைக்குச் சுக்கான் பிடிக்கிறது.

ஒயரிங் படத்தைப் பார்த்து ஒரு சனிக்கிழமைக்குள் கட்டிவிடலாம். வம்பு வருவதெல்லாம் சின்ன இடங்களில்தான்.

தெர்மோகப்பிளில் இரண்டு ஒயர். அமெரிக்க வழக்கப்படி கே வகையில் மஞ்சள் பாஸிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பென்றாலே பாஸிட்டிவ் என்று பழகிய கை மாற்றிக் கொடுத்துவிடும். அப்போது பானை சூடாகச் சூடாகத் திரையில் எண் இறங்கும். கண்ட்ரோலர் பாவம், "ஐயோ, ஆறிப்போகிறதே" என்று முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். அளவுகோல் ஈயத்துக்குள் இல்லாமல் நழுவி வெளியே தொங்கினாலும் இதே கதைதான். திரையில் வரும் எண் அந்த முனையின் சூடு, பானையின் சூடு அல்ல. முனை எங்கே இருக்கிறது என்பது கண்ட்ரோலருக்குத் தெரியாது.

அடுத்தது ரிலே. ஒரு ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வாட் வீதம் அதுவே சூடாகும். 120 வோல்ட்டில் இந்தப் பானை ஆறு ஆம்பியர் எடுக்கிறது, ஆகவே அதை ஒரு அலுமினியத் துடுப்புக்கட்டையில் திருகி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் கெட்டுப்போகும். கெட்டால் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த வகை ரிலே கெடும்போது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் மின்சாரம் விடும். கண்ட்ரோலர் "போதும்" என்று விளக்கை அணைத்த பிறகும் பானை காய்ந்துகொண்டே போகும். இதற்காகத்தான் விவரமானவர்கள் பானையின் பழைய தெர்மோஸ்டாட்டை வெட்டி எறிவதில்லை. குறித்த சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்து வரிசையிலேயே விட்டுவிடுகிறார்கள். கண்ட்ரோலரின் அலாரம் முனையிலிருந்து ஒரு கான்டாக்டரை இயக்கி மெயினையே துண்டிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறைதான்.

கண்ட்ரோலர் உண்மையாகவே சோறு போடும் இடம் ஒன்று உண்டு. டயர் கடைகளில் சக்கரத்தில் மாட்டும் எடைக்கட்டிகள்தான் பலருக்கும் மூலப்பொருள். முன்பு அவை ஈயம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் கலிபோர்னியா 2010-லும் ஈயக்கட்டிகளைத் தடுத்தபின், பழைய குவியல்களில் துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. துத்தநாகம் உருகுவது 419.5 டிகிரியில். பானையை 360-ல் பிடித்து வைத்தால் ஈயம் உருக, துத்தநாகம் எடை குறைவாதலால் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிப் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு 450-க்கு ஏற்றினால் அதுவும் கரைந்து மொத்தப் பானையையும் கூழாக்கிவிடும்.

பெட்டி அளக்காதவையும் உண்டு. ஒரு துளி ஈரம் போதும். ஈயத்துக்குள் மாட்டிய தண்ணீர் ஆயிரத்து சொச்சம் மடங்கு ஆவியாய் விரிந்து, பானையில் இருப்பதை முகத்தில் அடிக்கும். முனையைக் கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று சோதிப்பது நல்ல பழக்கம், சோதித்த ஈரத்தோடு பானைக்குள் விடுவது கொலைப்பழக்கம். இன்னொன்று தூசி. இந்தச் சூட்டில் ஈயப்புகை அதிகம் எழாது. கரண்டியால் வழித்த கசடு, கை, சட்டை, காரேஜ் தரை என்று தவழ்ந்துதான் விஷம் வீட்டுக்குள் வருகிறது. குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கவேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ல் வரம்பைக் குறைத்தது. சமையல்கட்டில் உருக்குபவருக்கு எந்தக் கண்ட்ரோலரும் உதவாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஈயத்திடமே ஒரு வழி இருக்கிறது. கலப்பில்லாத காரீயத்தை உருக்கி, முனையை உள்ளே அமிழ்த்தி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். எண் 380, 360, 340 என்று இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். ஈயம் உறைந்து முடியும்வரை சில நிமிடம் அசையாது. அது 327-ல் நின்றால் பெட்டி சொல்வது உண்மை. 319-ல் நின்றால் எட்டு டிகிரி பொய், கண்ட்ரோலரில் திருத்தி வைத்துக்கொள்ளலாம். அதற்குள் முனை கட்டிக்குள் இறுகிப்போயிருக்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடி உருகும்வரை அதைப் பிடுங்க முடியாது.