கம்பிமயிர் நாயும் என் மூச்சும்

எனக்கு நாய் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொன்னால் பலரும் எனக்கு நாயைப் பிடிக்காது என்று விளங்கிக்கொள்கிறார்கள். பிடிக்கும், ஒத்துக்கொள்ளாது. நாய் இருக்கும் வீட்டில் கால் மணித்தியாலம் இருந்தால் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். அரை மணித்தியாலம் தாண்டினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல இழுப்புத் தொடங்கிவிடும். முப்பது வருடமாகச் செய்தியாளனாக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பலருடைய துயரங்களைக் கண்ணீர் மல்கக் கேட்பவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கண்ணீரில் ஒரு பகுதிக்குக் காரணம், திண்ணைக்குக் கீழே படுத்திருந்த நாய்கள்தாம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவனுடைய கல்லடி வீட்டில், வாவியைப் பார்த்த விறாந்தையில், கம்பிமயிர் டாஷ்ஹண்ட் ஒன்று குடியிருக்கிறது. 2021இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த கொழும்பு நண்பர் ஒருவர் விட்டுச்சென்றது. கொழும்பு வீடுகளில் காணப்படும் டாஷ்ஹண்ட் பெரும்பாலும் வழுவழுப்பான மயிர் கொண்டது. இதுவோ தாடியும் மீசையும் வைத்த, முரட்டு மயிர்க்காரன். "இந்த இனத்துக்கு மயிர் உதிராது. ஒவ்வாமைக்காரருக்கென்றே படைத்த நாய்" என்று நண்பர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். விமானச் சீட்டுக் கையில் இருக்கும் மனிதர் சொல்வதை முழுவதும் நம்பக்கூடாது என்பது தொழிலில் நான் கற்றிருக்க வேண்டிய பாடம்.

டாஷ்ஹண்ட் ஜெர்மானிய நாய். நிலத்தில் வளை தோண்டி வாழும் பாட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து துரத்துவதற்காக வளர்த்தெடுத்த இனம். குட்டைக் கால், நீண்ட உடல், அகன்ற நெஞ்சு எல்லாம் அதற்காகத்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்கு வால்டி என்ற டாஷ்ஹண்டைத்தான் சின்னமாக வைத்தார்கள். நண்பரும் அந்தப் பெயரையே இதற்குச் சூட்டியிருந்தார். எங்கள் ஒழுங்கைச் சிறுவர்கள் ஒரே வாரத்தில் அதனைக் 'கட்டையன்' ஆக்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயருக்குத்தான் அது திரும்பிப் பார்க்கிறது.

வந்த மூன்றாம் நாள் இரவு இழுப்பு வந்தது. அதன் பின்னரே நான் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வாமைக்குக் காரணம் மயிர் அன்று. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்செதிலிலும், சிறுநீரிலும் உள்ள புரதங்களே காரணம். அவற்றுள் முதன்மையானதற்குக் கேன் எஃப் 1 என்று பெயர். மயிர் அதனைச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். ஒபாமா குடும்பம் 2009இல் மகளின் ஒவ்வாமையை முன்னிட்டுப் போர்த்துக்கீச வாட்டர் டோக் இனத்து நாயை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்தபோது, ஒவ்வாமை தராத நாய் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. (அந்த இனப் பெயரை 'நீர்நாய்' என்று மொழிபெயர்த்தால் வேறு விலங்காகிவிடும்.) அமெரிக்காவில் 173 வீடுகளின் தூசியைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வோ, அத்தகைய நாய்கள் வாழ்ந்த வீடுகளுக்கும் ஏனைய நாய்கள் வாழ்ந்த வீடுகளுக்கும் வேறுபாடு காணவில்லை. அடுத்த ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், பூடில், லப்ரடூடில் போன்றவற்றின் மயிரில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

நண்பர் அதற்குள் டொரொண்டோவில் குளிருக்குச் சட்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சட்டங்கள் பிறந்தன. கட்டையன் விறாந்தையைத் தாண்டக்கூடாது. கிழமைக்கு இருமுறை மகள் அதனைக் குளிப்பாட்டுவாள். அதற்குக் குறைந்தால் குளிப்பாட்டியும் பயன் பெரிதாக இல்லை. கம்பிமயிரைக் கத்தரிப்பதில்லை, முற்றிய மயிரை விரலால் பிடித்துக் களைய வேண்டும். அதையும் அவளே காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த வேலை மாமரத்தின் கீழ் நடக்கும். நான் காற்றுப் பார்த்துத்தான் கதிரை போடுவேன். கச்சான் வீசும் மாதங்களில் வாவிப் பக்கமும், வாடைக் காலத்தில் கடற்பக்கமும் என் இடம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே முகத்தைத் தொட வேண்டும். என்னைப் பார்க்கும் வைத்தியர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாயைக் கொடுத்துவிடுவதுதான் மருந்து" என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை.

பிறகு 2022 வந்தது. மின்வெட்டு, எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை எல்லாவற்றையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதினேன். மருந்துக்கடையில் "இன்ஹேலர் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது" என்று கேட்டுத் திரும்புவது வேறுவகை அனுபவம். என்னிடம் ஒன்று மீதமிருந்தது. அதில் இருநூறு உறிஞ்சல்கள். ஒவ்வொன்றுக்கும் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டேன். மின்விசிறி ஓடாத இரவுகளில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். மனைவி ஒருநாள் அந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டாள். "மருந்துக்கே வழியில்ல. மறுகா நாய் வேறயா?" என்றாள். அவளுக்குக் கட்டையன் மீது என்னைவிடப் பிரியம். அதனால்தான் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

படுவான்கரையில் வயல் செய்யும் பழைய நண்பர் ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பெற்றோல் இல்லை. துவிச்சக்கரவண்டியின் முன்கூடையில் கட்டையனை இருத்தி, வாயையும் மூக்கையும் கொரோனாக் கால முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்தேன். அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கியபோது 2007 மார்ச் நினைவு வந்தது. படுவான்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் மூட்டைகளோடு எதிர்த்திசையில் வந்த நாட்கள் அவை. சிலர் மாடுகளையும் ஓட்டிவந்தார்கள். நாய்களைக் கொண்டுவர எவராலும் முடியவில்லை. சில நாய்கள் வழி நெடுகப் பின்தொடர்ந்து வந்து, சோதனைச்சாவடிக்கு அப்பால் நின்றுவிட்டன. அதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். இடமின்மையால் அது அச்சில் வரவில்லை. மனிதர்களுக்கே இடம் போதாத நாட்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடைக்குள் இருந்த கட்டையன் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அந்த இரண்டு வரிகளும் சொல்லுக்குச் சொல் நினைவில் இருந்தன.

ஒன்பது நாட்கள் வீடு நாயின்றி இருந்தது. இழுப்போ நிற்கவில்லை. நாய் போனாலும் அதன் புரதம் சுவரிலும் துணியிலும் தூசியிலும் மாதக்கணக்கில் தங்கிவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கட்டையனை அனுப்பியும் மூச்சுக்கு அப்போதைக்கு நன்மை கிடைக்கவில்லை. மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் காலை படலையில் மணிச்சத்தம். வயற்கார நண்பர் தமது துவிச்சக்கரவண்டியோடு நின்றார். பின்னால் மீன்பெட்டிக்குள் கட்டையன்.

"ஐயா, இத நீங்களே வெச்சிருங்க" என்றார். சிறுபோக வயலில் எலி வளையையும் நண்டு வளையையும் கண்ட கட்டையனுக்கு மூதாதையர் நினைவு வந்திருக்கிறது. நான்கு இடத்தில் வரம்பை உடைத்து, கட்டியிருந்த தண்ணீரை அடுத்தவர் வயலுக்குப் பாயவிட்டிருக்கிறது. இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு விளைச்சல் பாதியாகிப்போன மனிதர் அவர். கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. ஆயினும் சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். "தாடிக்குள்ள சேறு. கிழவன் மாதிரி நிண்டு என்னப் பாக்குது, ஐயா."

மனைவி தேநீர் ஊற்றினாள். நாயைத் திரும்பக் கொண்டுபோகும்படி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னர் மருந்து படிப்படியாக வந்தது. இப்போது தினமும் காலையும் மாலையும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறேன். படுக்கையறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். விறாந்தை யன்னலுக்கு இந்தப்பக்கம் என் எழுத்து மேசை. அந்தப்பக்கம், சுவரோடு ஒட்டி, கட்டையனின் சாக்கு. இரவில் எனக்கு இருமல் வந்தால் அது எழுந்து நின்று, நான் அடங்கும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை எழுதும்போதும் இரண்டு தரம் எழுந்துவிட்டது.