கற்றாழைச் சோறும் கேமரன் மலைக் குளிரும்

தோலின் அடியில் பிறக்கும் அணுக்கள் மேலேறி உதிர்வதற்கு வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும்; நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறித் தோலைத் தூண்டும்போது அது சில நாளிலேயே முடிந்து, முதிராத அணுக்கள் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிநிறச் செதில்களாகக் குவிகின்றன. இதுவே சொரியாசிஸ், சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை. இது தொற்றுநோயன்று. மலேசியச் சொரியாசிஸ் பதிவேட்டில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக இருப்பதால், தோட்டப்புறத் தமிழர் இந்நோயை அறிந்திருப்பது அவசியம்.

கேமரன் மலையின் வடக்கே, புளூவேலி தேயிலைத் தோட்டத்தை அடுத்துள்ள கம்போங் ராஜாவில் இந்நோயைக் கவனிக்கும் கைவைத்தியர், மருந்துக்கு முன் நோயாளியின் வேலையைக் கேட்டறிவதே முறை. காயமோ உராய்வோ பட்ட இடத்தில் புதிய படை கிளம்புவது இந்நோயின் இயல்பு. 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இது கோப்னர் விளைவு எனப்படும். கொழுந்து வெட்டும் கத்தரியின் பிடி உள்ளங்கையிலும், கூடையின் பட்டை தோளிலும் நாள்தோறும் உராயும்போது, பூசும் மருந்து எதுவானாலும் அதன் பலன் குறையும். உயரமான இடங்களில் புறஊதாக் கதிர் கூடுதல், அளவான வெயில் இப்படைக்கு நல்லது என்பவை உண்மையே; ஆயினும் குளிருக்கும் பனிக்கும் உடலை முழுக்க மூடிக்கொண்டு வேலை செய்வோரின் முழங்கையையும் முதுகையும் அந்த வெயில் எட்டுவதேயில்லை.

இப்படைக்குப் பூசும் சோற்றுக் கற்றாழையைப் பக்குவப்படுத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு. இம்மலையின் ஓயாத ஈரத்தில் வேர் அழுகிவிடக்கூடும் என்பதால் செடியைத் தொட்டியில், கூரையடியில் வளர்ப்பது நல்லது. முற்றிய அடிமடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் தோலை எரிக்கக்கூடிய மஞ்சள் பால் வடியும். பிறகு தோல் சீவி, சோற்றைப் பலமுறை நீரில் அலச வேண்டும். அந்தச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் நீரே என்பதால், பூசியது உலர்ந்தபின் தோல் மீண்டும் வறளும். மேலே தேங்காய் எண்ணெய் தடவி ஈரத்தைக் காக்க வேண்டும். கம்போங் ராஜாக் குளிரில் அந்த எண்ணெயே உறைந்துவிடுவதால், உள்ளங்கையில் தேய்த்து இளக்கிய பிறகுதான் பூச முடியும்.

கற்றாழையால் குணம் கிடைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1996இல் 60 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் கற்றாழைக் களிம்பு பூசியவர்களில் 83 விழுக்காட்டினர் தேறினர். 2005இல் டென்மார்க்கில் 41 பேரிடம் செய்த ஆய்விலோ மருந்தில்லாத கூழே சற்று மேலாக நின்றது. 2010இல் தாய்லாந்து ஆய்வு, மிதமான ஸ்டீராய்டு களிம்புக்குக் கற்றாழை ஈடாகலாம் எனக் காட்டியது. ஆகவே செதிலை இளக்கி அரிப்பைத் தணிக்கும் துணை மருந்து என்ற அளவில் அதை வைப்பதே நேர்மை. மஞ்சள் பாலை உள்ளுக்கு அருந்துவது கூடவே கூடாது. அது கடும் பேதி மருந்து.

வாழ்க்கைமுறை மாற்றங்களில் உடல் எடைக் குறைப்புக்கே சான்று வலுவாக உள்ளது. சீனி கலந்த தேத்தண்ணீர் நாளுக்குப் பலமுறை உள்ளே போகும் ஊரில் இது எளிதன்று. புகையையும் மதுவையும் விடுதல், தொண்டைப் புண்ணை உடனே கவனித்தல், கொதிக்கும் நீரைத் தவிர்த்து இளஞ்சூட்டில் குளித்தல் ஆகியவை அடுத்தவை. குளிருக்கு இதமான வெந்நீர்க் குளியலை விடச் சொன்னால் நோயாளி முகம் சுளிப்பார். ஆனால் தோலின் எண்ணெய்ப்பசையைக் கரைப்பது அதுவே.

மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்துகளில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாமல் விரைவில் குணமாக்குவதாகக் கூறும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் தந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் கடுமையாக எழக்கூடும். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தாலோ, நகத்தில் குழிகள் தோன்றினாலோ, உடல் முழுதும் சிவந்தாலோ, தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்க வேண்டாம். இந்நோயால் சிதைந்த மூட்டைக் கற்றாழை மீட்டுத் தராது.