யானை வரும் பின்னே...

இந்த உலகத்தில் இரண்டு பேர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஒருத்தர், "ஒண்ணாந் தேதி கண்டிப்பா திருப்பித் தந்துடறேன் ஸார்" என்று கைமாற்று வாங்குகிற ஆசாமி. இன்னொருத்தர், வானிலை அறிக்கை வாசிக்கிறவர்.

எங்கள் ஆபீஸில் புயல் என்றால் ஒரே ஒரு கேள்விதான். லீவு உண்டா, இல்லையா? உண்டு என்றால் அது நல்ல புயல். "அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கும்" என்றால் மோசமான புயல்!

இப்படி ஒரு புயல் நிபுணனாக நான் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் 2018 நவம்பர் 15-ம் தேதி வந்தது. பக்கத்து சீட்டுப் பையன் காலையிலிருந்து போனும் கையுமாக அலைந்தான். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் அவனுக்கு.

"அண்ணே, கஜா புயல் எங்க ஊருக்குத்தான் வருதாம். அப்பா முகாமுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறார். நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்..."

போனை வாங்கினேன். பெரியவர் என்று யாராவது சொல்லிவிட்டால் நமக்குத்தான் தலைகால் புரியாதே!

"ஐயா, இந்த மாதிரி நான் எத்தனை பார்த்திருக்கேன். டி.வி.யில பயமுறுத்துவாங்க. கடைசி நிமிஷத்துல ஆந்திரா பக்கம் திரும்பிடும். நீங்க நிம்மதியா படுங்க."

பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... விடுங்கள். அன்று நள்ளிரவு தாண்டி, 16-ம் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை ஏறியது. பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்பதைத் தவிர வேறு விவரம் கேட்கிற தைரியம் எனக்கு வரவேயில்லை.

போன ஐப்பசியில் பையன் பத்திரிகை நீட்டினான். "புது வீட்டுக்குப் பால் காய்ச்சறோம்ணே. அப்பா உங்களைக் கட்டாயம் கூட்டிட்டு வரச் சொன்னார்." 'கட்டாயம்' என்ற வார்த்தை வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் கிளம்பினேன்.

விடியற்காலை நாகையில் இறங்கி டீ குடித்தோம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. 1-ல் இருந்து 11 வரை எண்கள். பள்ளிக்கூட மார்க் மாதிரி ஏற ஏற ஆபத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் சரியாம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்; புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது தலை மேலேயே ஏறிப் போகுமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 பெரும் அபாயம். அதிலும் அதே கணக்கு.

"அப்ப 11?"

"வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்ணே."

அதாவது, 'இனிமேல் உன் பாடு.' மாசக் கடைசியில் என் பாங்கு பாஸ்புக்கில் ஏற்ற வேண்டிய கூண்டு!

வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே போகப் போக, ஒரு பக்கம் கடல் கண்ணில் படாமலே வாசனையாக வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுதான். ஆறாயிரம் பேருக்கு மேல். ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு கடிக்கிற கை தானாக நின்றுவிட்டது.

வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். அகத்தியம்பள்ளி உப்பளங்களில் மழைக்காலம் என்பதால் வேலை இல்லை. உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடி, வரிசையாக முக்காடு போட்ட பாட்டிகள் மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். தரை அத்தனை தட்டை. கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. தண்ணீர் உள்ளே வரவேண்டும் என்று நினைத்தால் கேட்கிற ஆள் இல்லை.

'வேதாரண்யம் விளக்கழகு' என்று ஒரு பழமொழி உண்டு. கோயில் விளக்கைச் சொல்வது. கஜாவுக்குப் பிறகு அந்த ஊரில் வாரக்கணக்கில் விளக்கே இல்லை! டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மின் கம்பங்கள் சாய்ந்திருந்தன. ஜெனரேட்டர் வைத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் சார்ஜ் போடக் காசு கொடுத்து க்யூவில் நின்றதைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டு வாசலில் பெரியவர். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க தம்பி! நீங்க சொன்ன மாதிரி அது ஆந்திராவுக்குத் திரும்பல. எங்க வீட்டுக்குத்தான் திரும்புச்சு!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

காபிக்கு அப்புறம் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார். பழைய ஓட்டு வீட்டின் ஒரு சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. "இங்கதான் என் கட்டில் கிடந்துச்சு. நீங்க போன்ல சொன்னதும் 'பாத்தியாடி, படிச்ச பிள்ளையே சொல்லுது'ன்னு இவகிட்ட சொல்லிட்டுப் படுத்துட்டேன். காலையில வந்து பாக்கறேன், கட்டில் மேல தென்னமரம் படுத்திருக்கு."

எனக்குக் கால் தரையில் இல்லை.

"அப்புறம்... எப்படிய்யா நீங்க...?"

"இவ கிளம்பிட்டா தம்பி. ஒரு மஞ்சப் பையை எடுத்தா, ஆட்டைப் பிடிச்சா, மாட்டுக் கயித்தை அவுத்து விட்டா, போயிக்கிட்டே இருக்கா. ராத்திரி சோத்துக்கு என்ன பண்றதுன்னு நானும் பின்னாலயே போனேன்."

ஆக, அவர் உயிரைக் காப்பாற்றியது பசி. என் ஆலோசனை இல்லை.

பின்னால் நின்ற அம்மா அப்போதுதான் பேசினார். "77 புயலப்ப எனக்குப் பன்னெண்டு வயசு தம்பி. காத்து அடிச்சு அடிச்சு, திடீர்னு நின்னுச்சு. ஓஞ்சு போச்சுன்னு என் தம்பி கன்னுக்குட்டியத் தேடி ஓடினான். கொஞ்ச நேரந்தான். காத்து அந்தப் பக்கம் இருந்து திரும்பி வந்துச்சு. அவன் வரல."

1977 நவம்பர் 12. நாகை வட்டாரத்தில் 500 பேருக்கு மேல் செத்த புயல். புயலின் நடுப்பகுதி தலைக்கு மேலே கடக்கும்போது காற்று ஓயும். அது முடிவல்ல, இடைவேளை. வடக்கேயிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கேயிருந்து அடிக்கும். பாடப் புத்தகத்தில் இதை நானும் படித்திருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி.

அதே புயலில் தப்பித்தவர்தான் பெரியவரும். "77-லயே சாகாதவன், இது என்ன பண்ணிடும்" என்று அவர் நினைத்தார். அம்மா வேறு மாதிரி நினைத்தார். ஒரே புயல், ஆளுக்கொரு பாடம்.

கஜாவுக்கு அந்தப் பெயரை வைத்தது இலங்கை. சுற்றியுள்ள நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுப்பது வழக்கம். கஜம் என்றால் யானை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, இந்த யானைக்கும் மணி முன்கூட்டியே அடித்தது. நாள்கணக்கில் எச்சரிக்கை. கரை கடப்பதற்குள் 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் உயிர்ச்சேதம் இருந்தது. போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மணி கேட்டும் 'ஒண்ணும் வராது' என்று போனில் சொன்ன மேதாவி ஒருத்தன் உண்டு. அவன் விலாசம் உங்களுக்குத் தெரியும்.

அம்மா உள்ளே கூப்பிட்டு ஆணியில் தொங்கிய மஞ்சப் பையைக் காட்டினார். ஐப்பசி பிறந்தால் அது ஆணிக்கு வந்துவிடுமாம். தை பிறந்தால்தான் இறங்கும். பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாங்கு புத்தகம். டார்ச், தீப்பெட்டி, பெரியவரின் பிரஷர் மாத்திரை, கொஞ்சம் அவல், வெல்லம். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் 1077. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர். தென்னையில் முற்றிய காயையும் கீழ் மட்டையையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் தலைக்கனம் குறைந்து மரம் தாங்குமாம். (தலைக்கனம் குறைந்தால் மனுஷனும் தாங்குவான் என்று எனக்குத் தோன்றியது.)

தெருக்கோடியில் தூண்கள் மேல் நிற்கிற பேரிடர் பாதுகாப்பு மையத்தையும் பார்த்தேன். தண்ணீர் வந்தால் கீழே ஓடட்டும், ஆள் மேலே இருக்கட்டும் என்கிற கட்டடம். படியில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. வழி தெரிந்த ஆடுகள்!

கிளம்பும்போது பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அவர் பதில் சொல்லாமல், கஜாவுக்குப் பிறகு நட்ட தென்னையைக் காட்டினார். இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கிறதாம். இரண்டு இளநீரைச் சீவி நீட்டி, "நல்லா இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

சென்னை வந்ததும் முதல் வேலையாக ஹாலில் ஆணி அடித்து ஒரு மஞ்சப் பையை மாட்டினேன். 2015 வெள்ளத்தில் என் சர்டிபிகேட்டுகள் பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கூழானது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எந்த ஊருக்குக் கிளம்பறீங்க?" என்றாள் மனைவி.

"எங்கேயும் இல்லை. மணி அடிச்சா, நீ கிளம்பறப்ப பின்னாலேயே வர்றதுக்கு."