போஸ்ட்டாக் தேடும் அக்கா

எங்க பெரியம்மா பொண்ணு காமராசர் பல்கலைக்கழகத்துல பி.எச்டி முடிச்சாச்சு. அடுத்து போஸ்ட்டாக். "டாக்டர் ஆனப்புறமும் என்னடா தேடல்?"னு பெரியம்மா புலம்பல் தனி டிராக் :-)

எங்க பொட்டி தட்டுற தொழில்ல ரெஸ்யூமைப் போட்டா கன்சல்டன்சிக்காரங்க போன் பண்ணியே கொன்னுடுவாங்க. இங்க நிறைய இடம் விளம்பரத்துக்கே வராது. பேராசிரியருக்கு நேரா எழுதிக் கேட்கணும்.

சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அப்படித்தான் நுழைஞ்சார். இயற்பியல்ல பி.எச்டி வாங்கிட்டு உயிரியலுக்குத் தாவினவர். யேல் பல்கலைக்கழகத்துல எங்கல்மேனுக்கு எழுதினார். அவர்கிட்ட இடமில்லை, சக பேராசிரியர் பீட்டர் மூரைக் கை காட்டினார். 1978ல ரைபோசோம் ஆராய்ச்சிக்குள்ள வந்தது இப்படித்தான். அப்புறம் கிட்டத்தட்ட 50 பல்கலைக்கழகத்துல ஆசிரியர் வேலை கேட்டும் தேறலை. நோபல் 2009ல.

நம்ம நாட்டுலயே இருக்கணும்னா மத்திய அரசோட என்-பிடிஎஃப், 2 வருஷம். அதுக்கும் முதல்ல ஒரு வழிகாட்டி சம்மதிக்கணும். வயசு வரம்பு 35, பொண்ணுங்களுக்கு 5 வருஷம் சலுகை. காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே படிச்ச அக்காவுக்கு இப்ப 38.

ஒரே மடலை 40 பேருக்கு அனுப்பியாச்சு, பதிலே இல்லை. இப்ப ஒருத்தரோட மூணு பேப்பரை முழுசாப் படிச்சுட்டு, அதுல ஒரு சந்தேகமும் கேட்டு எழுதியிருக்காங்க. ராத்திரி பதினொண்ணுக்கும் ஜிமெயில் திறந்தேதான் இருக்கு.