பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

புனேயில் கட்கி, தேஹு ரோடு பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ராணுவக் கிடங்கையும் நம்பி வந்து, அங்கேயே வேர்விட்டவர்கள். ஊருக்குப் போக ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஊரில் நல்லது கெட்டது நடந்தால் தபாலும் தந்தியும்தான் சொல்லும்.

அந்தக் காலத்துத் தந்தியில் ஒரு கருணை இருந்தது. ஊரில் அப்பா இறந்தே போயிருப்பார். தந்தி மட்டும் 'சீரியஸ், உடனே புறப்படு' என்று வரும். மகன் ரயிலேறி வந்து சேரும்வரை மனம் தாங்க வேண்டுமே என்று, தெரிந்தே சொல்லும் பொய். தந்திக்காரர் சைக்கிள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் அந்த வரிசையே வெளியே வந்துவிடும். இங்கிலீஷ் தெரிந்தவர் படித்துச் சொல்வார். ஒருவர் டிக்கெட்டுக்கு ஸ்டேஷனுக்கு ஓடுவார், பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவார்.

பிறகு போன் வந்தது, ஆனால் எல்லார் வீட்டுக்கும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருப்பார்கள். அது பக்கத்து வீட்டுப் போன். அழைப்பு வந்தால் அவர்கள் ஓடிவந்து கூப்பிட வேண்டும், நாம் பேசி முடிக்கும்வரை அருகிலேயே இருப்பார்கள். அடுத்து மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத். கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்காக வரிசை நிற்கும். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் முகம் மாறினால், வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. 2003 வரை கைப்பேசியில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். 2013 ஜூலையில் தந்திச் சேவைக்கு மூடுவிழா நடந்தது. இன்று பேச்சுக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. செய்தி யார் கையும் படாமல் நேரே நம் உள்ளங்கைக்கு வருகிறது. நடுவில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

புனேயின் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் பையனுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'பெரியப்பா தவறிட்டார்' என்று வருகிறது. அவன் நிமிர்வதற்குள் கும்பிடும் கைகள் இருபது வரிசையாக வந்து விழுகின்றன. பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

பழைய காலமே திரும்பட்டும் என்று நான் கேட்கவில்லை. நம் கிராமங்களில் ஊர் ஊராக நடந்துபோய் இழவு சொல்லும் வேலையைத் தாழ்த்தப்பட்டவர்கள் தலையில் கட்டி வைத்திருந்தோம். அந்த அநியாயம் குறைந்ததில் போனுக்கும் பங்குண்டு. 2020-இல் கொரோனா புனேயை உலுக்கியபோது, ஆஸ்பத்திரியில் கிடந்தவர் முகத்தைக் குடும்பத்தார் பார்க்க முடிந்ததும் வீடியோ காலில்தான். கருவியின் மேல் எனக்குக் குறையில்லை. செய்தியோடு முன்பு தானாக வந்த துணையை, இனி நாம்தான் யோசித்து அனுப்ப வேண்டும்.

அதனால் இளையவர்களுக்கு இதைச் சொல்வேன். கெட்ட செய்தியைக் குழுவில் போடுவதற்கு முன், நெருங்கிய சொந்தங்கள் எல்லாருக்கும் குரலால் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் விஷயத்தைப் போட்டு உடைக்காதீர்கள். "எங்கப்பா இருக்கே? வண்டி ஓட்டுறியா? பக்கத்துல யார் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். தனியாக இருக்கிறான் என்றால் அவன் அறைத் தோழனை முதலில் கூப்பிட்டு, கூட இருக்கச் சொல்லுங்கள். செய்தி உங்களுக்கு வந்தால் கும்பிடும் படத்தோடு நிறுத்தாதீர்கள். போகக்கூடிய தூரமென்றால் போய் நில்லுங்கள், முடியாவிட்டால் அருகில் இருக்கும் ஒருவரை அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பா அம்மா இருக்கும் தெருவில், அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய ஒருவருடைய எண் உங்கள் போனில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு, கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.